இரண்டல்ல என்றால் ஒன்றா?

நிலாவெளி வாசகர் ஒருவர் கேட்டது, ஜனவரி 5:
"திருவெம்பாவைப் பூசை முடிந்ததும் கோயிலில் ஒரு பேச்சு. துவைதம் என்றால் இரண்டு, அத்வைதம் என்றால் ஒன்று, சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் (இறை, உயிர், தளை) என்று மூன்று சொல்வதால் அது துவைதப் பக்கம் என்றார் பேச்சாளர். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே எழும்பிப் போய்விட்டார். யார் சரி? இருமை என்பதற்கு வடமொழியில் ஒரே சொல்தானா, பல சொற்களா?"

ஜனவரி 5, இரவு

எழும்பிப் போனவர்தான் சரி. முணுமுணுக்காமல் கையை உயர்த்திக் கேட்டிருக்கலாம், அது வேறு கதை.

துவி என்றால் இரண்டு. அதிலிருந்து துவைதம், இரண்டாயிருக்கும் தன்மை. முன்னால் ஓர் 'அ' சேர்ந்தால் அத்வைதம். நம் ஆட்கள் நாக்குக்கு ஏற்ப அத்துவிதம் என்பார்கள். பல நூற்றாண்டுச் சண்டையும் அந்த ஒற்றை 'அ' மீதுதான். வடமொழி இலக்கணத்தில் இந்த எதிர்மறைக்கு நஞ் என்று பெயர். இன்மை, அன்மை, மறுதலை என்று அதற்கு மூன்று பொருள் காட்டி, சித்தாந்த மூலநூலான சிவஞானபோதத்துக்குத் தாம் எழுதிய மாபாடியம் என்ற பேருரையில் சிவஞான முனிவர் வழக்கை நடத்துகிறார். இன்மை என்றால் அந்தப் பொருளே கிடையாது. அன்மை என்றால் அது அல்லாதது. மறுதலை என்றால் நேர் எதிர்: அதர்மம் என்று சொல்லும்போது தர்மம் இல்லாத வெறுமையையா சொல்கிறோம், பாவத்தைத்தானே சொல்கிறோம்?

அத்துவிதத்தை 'இரண்டு இல்லை' என்று இன்மையாக எடுத்தால் மிஞ்சுவது ஒன்று. சங்கரர் போன வழி அது. 'இரண்டு அல்ல' என்று அன்மையாக எடுத்தால், பொருள் இரண்டு இருக்கலாம், ஆனால் அவை பிரிந்து இரண்டாக நிற்கவில்லை என்று வரும். சித்தாந்தி நிற்கும் இடம் இது. அதனால் மூன்று பொருள் சொல்லிக்கொண்டே "நானும் அத்துவிதிதான்" என்று அவரால் வாய் கூசாமல் சொல்ல முடிகிறது.

உங்கள் பேச்சாளருக்கு மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டிலேயே பதில் எழுதிவிட்டார். அவருடைய சிவஞானபோதம், இரண்டாம் சூத்திரத்துக்கு அவரே எழுதிய விளக்கம்: "அத்துவிதம் என்ற சொல்லானே ஏகம் என்னின், ஏகம் என்று சுட்டுவது உண்மையின், அத்துவிதம் என்ற சொல்லே அந்நிய நாத்தியை உணர்த்துமாயிட்டு." 'ஒன்று' என்று சுட்ட ஒருவன் வேண்டுமே, அவன் யார் என்கிறார். அந்தச் சொல் மறுப்பது அந்நியத்தை, அதாவது பிரிந்து வேறாய் நிற்பதை. எண்ணிக்கையில் அதற்கு வேலை இல்லை.

மற்றக் கேள்விக்கு: பல சொற்கள். நாளை.

ஜனவரி 6, காலை

உப்புவெளித் தம்பி கோபமாக எழுதியிருக்கிறார்: "அப்படியென்றால் சங்கரருக்கு இலக்கணம் தெரியாதா?"

தம்பி, அப்படி எங்கே சொன்னேன்? அவர் கையிலும் நல்ல ஆவணம் இருக்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் "ஏகமேவ அத்விதீயம்": ஒன்றே, இரண்டாவது இல்லாதது. அங்கே ஏகம் என்று நேரடியாகவே நிற்கிறது. பிருகதாரணியக உபநிடதத்தில் "யத்ர ஹி த்வைதமிவ பவதி": இருமை போல இருக்கும்போதுதான் ஒருவர் இன்னொருவரைப் பார்க்கிறார், முகர்கிறார், கேட்கிறார். அந்த 'இவ', அதாவது 'போல', அதைப் பிடித்துக்கொண்டே ஒரு தத்துவத்தைக் கட்டலாம், கட்டியும் விட்டார்கள். மூத்த அத்வைதியான கௌடபாதர் தம் காரிகையில் அந்தப் 'போல' என்பதையும் விட்டுவிட்டார்: "மாயாமாத்ரம் இதம் த்வைதம், அத்வைதம் பரமார்த்தத:". இந்த இருமை வெறும் மாயை, அத்வைதமே மெய். இதற்கு மேல் வெட்டவெளிச்சமாக எப்படிச் சொல்வது.

எனக்குப் பிருகதாரணியகத்தில் மனம் தங்குவது வேறோர் இடத்தில். "த்விதீயாத் வை பயம் பவதி." இரண்டாவது ஒன்றிலிருந்துதான் பயம் வருகிறது. யுத்த காலத்தில் இந்தத் திருகோணமலையில் இரவைக் கழித்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. மின்சாரம் இல்லை, நாய்கள் குரைக்கின்றன, படலைக்கு வெளியே மணலில் யாரோ நடக்கும் சத்தம். யார் என்று தெரியாது. அந்த இரண்டாவது ஆள் தான் பயம் முழுவதும்.

ஆனால் அதற்கு அடுத்த வரியே "ஏகாகீ ந ரமதே, ஸ த்விதீயம் ஐச்சத்" என்று போகிறது. தனியாக இருப்பவனுக்கு இன்பமில்லை, அவன் இரண்டாவது ஒன்றை விரும்பினான். அதே இரவுகளில் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் "தம்பி, முழிச்சோ இருக்கிறியள்?" என்று கேட்டால் போன உயிர் திரும்பி வரும். அவவும் இரண்டாவது ஆள்தான். பேச்சாளர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 7

பல சொற்கள் என்றேன். அதற்கு முன் வடமொழி எண்ணும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நமக்கு ஒருமை, பன்மை. அவர்களுக்கு நடுவில் துவிவசனம். இரண்டு பேர் வந்தால் வினைமுற்றுக்கூட மாறும். சிறுவனாக இருந்தபோது ஓர் ஐயர் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்திச் சப்தம், அதாவது பெயர்ச்சொல் வாய்பாடு, சொல்லித் தந்தார்கள். ராம:, ராமௌ, ராமா:. பிழைவிட்டால் காது முறுக்கு. எனக்கு அந்த நடு வரிசை மட்டும் பிடிக்கும், காரணம் சோம்பல். எட்டு வேற்றுமைக்கும் சேர்த்து இருமையில் மூன்றே வடிவம்: ராமௌ, ராமாப்யாம், ராமயோ:. மற்ற வரிசைகளை முனகிவிட்டு இதை மட்டும் கோயில் மணி மாதிரிச் சொல்வேன். ஐயர் கண்டுபிடித்துவிட்டார், அதன்பிறகு நடு வரிசை என்னிடம் கேட்கப்படவே இல்லை.

தமிழிலே வளர்ந்தவனுக்கு இது ஆடம்பரமாகத் தெரியும். இரண்டுக்கு என்று தனியாக ஒரு விகுதியா? ஆனால் கண், காது, கை, கால், தாய் தந்தை என்று உலகம் சோடி சோடியாகத்தான் கிடக்கிறது. அதை மொழியிலேயே பதித்து வைத்தவர்கள் தத்துவத்திலும் இரண்டைச் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்கு வியப்பில்லை. (இலக்கணத்தால்தான் தத்துவம் வந்தது என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். அப்படியென்றால் தமிழில் சித்தாந்தமே பிறந்திருக்கக் கூடாது.)

ஜனவரி 7, பின்னேரம்

மட்டிக்களி அக்கா: "தாய் தந்தைக்கு இருமையில் என்ன சொல்வார்கள்?"

பிதரௌ. அதாவது பிதா என்ற சொல்லை இருமையில் போட்டால் போதும், அம்மாவும் அப்பாவும் என்று பொருள். பாணினி இதற்கு விதியே வைத்திருக்கிறார். இரண்டில் ஒன்று மட்டும் மிஞ்சுவதால் ஏகசேஷம் என்று பெயர்.

ஜனவரி 7, இரவு

அக்கா: "மிஞ்சினது அப்பா. அம்மா எங்கே போனா? குசினிக்கோ?"

பதில் இல்லை அக்கா. ஆனால் காளிதாசர் உங்கள் கட்சி. ரகுவம்சத்தின் முதல் சுலோகத்தில் "ஜகத: பிதரௌ வந்தே" என்று உலகின் தாய் தந்தையை வணங்கிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "பார்வதீபரமேஸ்வரௌ" என்கிறார். காணாமல் போன அம்மா திரும்பி வந்தது மட்டுமில்லை, முன்னுக்கும் வந்துவிட்டார். கூடுதல் மதிப்புக்குரியது தொகையில் முன்னால் வரும் என்று ஒரு விதி உண்டு. அதற்கு இலக்கணக்காரர் காட்டும் உதாரணம் மாதாபிதரௌ.

ஜனவரி 8

இன்று துவந்துவம். கேட்டவருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சொற்பொழிவுகளில் துவைதத்தையும் துவந்துவத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள்.

துவம் துவம், இரண்டிரண்டு, அதுதான் துவந்துவம். சோடி. தமிழில் ஒண்டிக்கு ஒண்டி சண்டையைத் துவந்த யுத்தம் என்கிறோமே, அதே சொல். இலக்கணத்தில் நம் உம்மைத்தொகைக்கு அவர்கள் வைத்த பெயரும் இதுவே. 'உம்' என்ற பொருளில் வருவது துவந்துவம் என்று பாணினி ஒரே சூத்திரத்தில் முடித்துவிடுகிறார். தத்துவத்திலோ குளிர் வெப்பம், இன்பம் துன்பம், மானம் அவமானம் என்று நம்மை இழுத்தடிக்கும் எதிரெதிர் இணைகள்.

கீதையில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். 2ஆம் அத்தியாயத்தில் "நிர்த்வந்த்வ:" ஆக, துவந்துவம் அற்றவனாக, இரு என்கிறார் கண்ணன். 7இல் விருப்பு வெறுப்பிலிருந்து கிளம்பும் "த்வந்த்வமோஹம்", அந்த இணைகளால் வரும் மயக்கம், பற்றி எச்சரிக்கிறார். பிறகு 10இல், தொகைகளுக்குள் நான் துவந்துவம் என்று தன்னையே சொல்லிக்கொள்கிறார்! துவந்துவத்தை விடு என்றவர் தானே துவந்துவம் என்கிறார். மற்றத் தொகைகளில் ஒரு சொல் இன்னொன்றுக்கு அடங்கிப்போகும், துவந்துவத்தில் இரண்டுக்கும் சம உரிமை. அந்தச் சிறப்பால்தான் என்று உரைகாரர் சமாளிப்பார்கள். எனக்கு அந்தச் சமாளிப்பு பிடித்திருக்கிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்குச் சீதோஷ்ணம், அதாவது குளிரும் வெப்பமும், பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் ஓர் அந்தியேட்டி, இறந்தவருக்கான கிரியை, முடித்துக் குளிக்கப் போயிருந்தோம். ஏழு கிணறும் அடுத்தடுத்துச் சதுரமாக, ஆளுயர ஆழம்கூட இல்லை, அடி தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். சூடு கூடிய கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினேன், தோள் சுள்ளென்றது. உடனே பக்கத்துக் கிணற்றில் அள்ளி ஊற்றினால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதுவும் வெந்நீர்தான்! அப்போதுதான் வந்த ஒரு பெடியன் முதலில் அதே கிணற்றில் கையை வைத்துவிட்டு "ஐயோ சுடுது" என்று இழுத்துக்கொண்டான். கீதை 2:14இல் சீதோஷ்ணத்தைப் புலன் தொடுகையால் வருவது, வந்து போவது என்று சொல்லும்போது எனக்கு அந்தப் பெடியனின் கைதான் நினைவுக்கு வரும்.

ஜனவரி 8, அதன் தொடர்ச்சி

சொல்ல வந்த விஷயத்தைக் கிணற்றடியில் விட்டுவிட்டேன்.

துவைதமா அத்வைதமா என்பது எத்தனை பொருள் உண்டு என்ற வழக்கு. துவந்துவத்தைக் கடப்பது, வருவதை நீ எப்படி வாங்கிக்கொள்கிறாய் என்ற வழக்கு. இரண்டும் வேறு நீதிமன்றம். கடவுளும் உயிரும் என்றைக்கும் வேறு என்று நம்புகிற வைணவர் வெயிலையும் மழையையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒன்று என்று மேடையில் முழங்குகிறவர் தேநீரில் சீனி குறைந்தால் வீட்டை இரண்டாக்கலாம். பின்னதைப் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லமாட்டேன்.

நம் நூல்களில் நிர்த்வந்த்வத்தைத் தேடுகிறவர்கள் சேக்கிழாரிடம் போங்கள். "கேடும் ஆக்கமும் கெட்ட திருவினார், ஓடும் செம்பொனும் ஒக்கவே நோக்குவார்." கீதை 14ஆம் அத்தியாயத்தில் மண்ணாங்கட்டி, கல், பொன் மூன்றையும் சமமாகக் காண்பவன் வருகிறான், அங்கே மூன்று, இங்கே இரண்டே இரண்டு. அடியாரைச் சொல்ல வந்தவர் ஓட்டையும் பொன்னையும் எதிரெதிரே வைத்ததோடு நிறுத்தியது எனக்குப் பிடிக்கும். சித்தாந்தத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் சொல் இருவினையொப்பு: நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒரே நிலையில் நின்று பார்ப்பது. அது வந்த பிறகுதான் அருள் பதியும், சத்திநிபாதம், என்று வரிசை சொல்வார்கள்.

ஜனவரி 9

ஒரு வாசகர் 'து'வில் தொடங்கும் சொல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொன்றாக.

துவேஷம்: இரண்டு என்று பார்ப்பதால் வருவது துவேஷம் என்று சொற்பொழிவில் கேட்க நன்றாக இருக்கும். இலக்கணத்தில் அதற்குத் தனி வினைவேர், துவிஷ், வெறுத்தல். துவாரம்: வாசல், அதிலும் இரண்டு கிடையாது, ஒற்றைக் கதவுக்கும் துவாரம்தான். துவிதியை: பிரதமைக்கு அடுத்த திதி, இதில் இரண்டு உண்டு. துவிசன்: இரு பிறப்பாளன். பூணூல் போட்டவருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். முட்டையாக ஒருமுறை, குஞ்சாக ஒருமுறை பிறப்பதால் பறவையும் துவிசம், விழுந்து முளைப்பதால் பல்லும் துவிசம். எனக்கு இப்போது இருக்கும் செயற்கைப் பல்லை மூன்றாம் பிறப்பாக எடுத்துக்கொள்ளலாமோ தெரியவில்லை.

துவயம்: இரண்டு சேர்ந்த தொகுதி. வைணவருக்குத் துவயம் என்றால் இரண்டு வாக்கியம் கொண்ட அவர்களுடைய மந்திரம். மகாயான பௌத்தர்கள் அத்வயம் என்பார்கள், அது உண்டு இல்லை என்ற இரு கோடிகளிலும் சாயாமல் நிற்பது. அத்வயமும் அத்வைதமும் ஒலியில் பக்கத்து வீடு. பௌத்தர் வீட்டில் பிரம்மத்தைத் தேடிப் போனால் கிடைக்காது.

ஜனவரி 9, பின்னேரம்

அந்தப் பட்டியலில் அவர் விட்டுவிட்ட ஒன்று நம் வாயில் தினம் வருகிறது. தீவு. வடமொழித் த்வீபம். துவி என்பதோடு அப், தண்ணீர். இந்தச் சேர்க்கையில் 'அப்' எப்படி 'ஈப்' ஆகிறது என்று பாணினி தனியாக ஒரு சூத்திரமே எழுதியிருக்கிறார். இரு பக்கமும் நீர் உள்ளது தீவு. சுற்றிவர நீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், சொல் இரு பக்கத்தோடு திருப்திப்பட்டுவிடுகிறது. அந்தக் கணக்கில் நம் பட்டணமே தீவு. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். சாம்பல்தீவுக்காரர் சந்தோஷப்படலாம்: ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 10

துவைதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாவம், திட்டுவதற்கு மட்டும் அந்தப் பெயரை எடுக்கிறோம்.

துவைதத்தின் ஆசாரியர் மத்துவர். அவர் வழியினர் தங்கள் நெறிக்கு விரும்பிச் சொல்லும் பெயர் தத்துவவாதம். அவர்கள் வாயில் அதிகம் புழங்கும் சொல் பேதம். பிளத்தல் என்ற பொருளுள்ள பித் என்னும் வேரிலிருந்து வருவது. இங்கே கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில், பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், அந்தப் பாறையில் இருப்பது பேதம். மத்துவர் ஐந்து பேதம் சொல்கிறார்: இறைக்கும் உயிருக்கும், இறைக்கும் சடத்துக்கும் (அறிவில்லாப் பொருளுக்கும்), உயிருக்கும் உயிருக்கும், உயிருக்கும் சடத்துக்கும், சடத்துக்கும் சடத்துக்கும். ஐந்தும் மெய், ஐந்தும் அழியாதவை. ஆகவே இரண்டு என்ற பெயர் அவருக்கும் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்துவது சுதந்திரம், பரதந்திரம் என்று அவர் செய்யும் பிரிவுக்கு: தன்னிச்சையாக நிற்பது இறை ஒன்று, அதைச் சார்ந்து நிற்பது மற்றதெல்லாம்.

அவருடைய துணிச்சலுக்கு ஓர் உதாரணம். "ஸ ஆத்மா தத் த்வம் அஸி", அது நீ. அத்வைதத்தின் பெரிய ஆயுதம். சேர்ந்து ஒலிக்கும் 'ஆத்மாதத்' என்ற சந்தியைப் பிரிக்கும்போது 'ஆத்மா அதத்' என்று பிரித்தார் மத்துவர். அது அல்லாதவன் நீ! மறுபடியும் அதே 'அ'. ஒருவருக்கு இருக்கிற 'அ' பிரச்சினை, இன்னொருவர் இல்லாத 'அ'வைக் கொண்டுவந்து வைக்கிறார்.

நடுவே நிற்பவர்கள் ஏராளம். பாஸ்கரருடையது பேதாபேதம், நிம்பார்க்கருடையது துவைதாத்வைதம், இராமானுசருடையது விசிட்டாத்வைதம், சைதன்யர் வழியினர் 'அசிந்திய பேதாபேதம்', அதாவது வேறும் வேறல்லாததும், ஆனால் எப்படி என்று கேட்காதே. கடைசிப் பெயர் வைத்தவர் நேர்மையானவர் என்பது என் கட்சி.

ஜனவரி 10, இரவு

மூதூர் நண்பர் கேட்கிறார், இந்த ஊரில் ஏன் ஆளுக்கொரு பக்கம்?

எனக்குப் படுவது: இங்கே இரண்டு ஓடை ஒன்றாகக் கலந்தது. கோயில் பக்கம் ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து வரும் சித்தாந்தப் படிப்பு. பள்ளிக்கூடப் பக்கம் இராமகிருஷ்ண மிஷன். விவேகானந்தர் 1897இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து வேதாந்தம் பேசிவிட்டுப் போனார். பிறகு காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் மிஷன் துறவியாகி, நம் இந்துக் கல்லூரியையும் நடத்தினார். தாத்தா தேவாரத்தோடும் பேரன் விவேகானந்தர் புத்தகத்தோடும் ஒரே வீட்டில். சண்டை வராமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் வரும், சொதி ஆறிவிடும்.

ஜனவரி 12

உப்புவெளித் தம்பி இந்த முறை நல்ல கேள்வியோடு வந்திருக்கிறார். காளிதாசர் பார்வதியையும் பரமேசுவரனையும் "வாகர்த்தாவிவ ஸம்ப்ருக்தௌ", சொல்லும் பொருளும்போல இணைந்தவர்கள் என்கிறார். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவமோ தம் சிவப்பிரகாசத்தில் "சொற்பொருள்போல் பேதாபேதமும் இன்றி" என்று அதே உவமையைத் தள்ளுகிறார். அப்படியென்றால் சித்தாந்தம் காளிதாசரைத் தள்ளுகிறதா?

கேள்வியைப் படித்துவிட்டு கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வந்தேன். முதலில் உமாபதி என்ன செய்கிறார் என்று பார்ப்போம். பொன்னும் பணியும் (நகையும்) போல அபேதமா? இல்லை என்கிறார். இருளும் வெளியும் போலப் பேதமா? இல்லை. சொல்லும் பொருளும் போலப் பேதாபேதமா? அதுவும் இல்லை. தான் தருவது மூன்று: "உடல் உயிர், கண் அருக்கன், அறிவு ஒளி". பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது அருக்கன் யார் என்று கேட்டு அடி வாங்கியது நினைவிருக்கிறது. சூரியன். கண் நல்ல கண்ணாக இருந்தாலும் வெளிச்சம் இல்லாமல் காணாது. காணும்போது, இது கண்ணின் பங்கு, இது வெயிலின் பங்கு என்று வெட்டிப் பிரிக்கவும் முடியாது. ஆனால் கண் ஒருநாளும் சூரியன் ஆகாது.

இப்போது தம்பியின் கேள்வி. காளிதாசர் பேசும் சோடி எது? சிவனும் சத்தியும். உமாபதி பேசும் சோடி எது? சிவனும் உயிரும். சோடி வேறு, உறவும் வேறு. சிவனுக்கும் சத்திக்கும் உள்ள உறவுக்குச் சித்தாந்திகள் அத்துவிதம் என்ற சொல்லையே எடுப்பதில்லை, தாதான்மியம் என்பார்கள். ஞாயிறும் அதன் கதிரும்: பொருள் ஒன்று, நாம் இரண்டாகச் சொல்கிறோம். உயிரோடு உள்ள உறவில் பொருள் இரண்டு, நிற்பது ஒன்றாய். ஒன்று இரண்டாக ஆவது தாதான்மியம், இரண்டு ஒன்றாக ஆவது அத்துவிதம். எதிர்த் திசையில் ஓடும் இரண்டு பாதைக்கும் நாம் 'இருமை' என்று ஒரே பலகையை நட்டு வைத்திருக்கிறோம்.

ஆகவே தள்ளவில்லை தம்பி. இரண்டு பேரும் வெவ்வேறு வாசலில் நிற்கிறார்கள்.

ஜனவரி 12, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது சம்பந்தர் நம் மலைக்குப் பாடியது வேறு மாதிரிக் கேட்டது. "வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்". மகள் ஒரு பாகம், வடிவு ஒன்று. தாதான்மியத்துக்கு விளக்கம் தேடி நான் எங்கெங்கோ போனேன், நாங்கள் சிறுவயது முதல் பாடும் கோணமாமலைப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே இருந்திருக்கிறது.

அந்த 'வடிவினர்' என்ற 'அர்' விகுதியைப் பாருங்கள். மரியாதைக்காக வந்த பன்மை. 'அம்மையப்பர்' என்பதிலும் அதே 'அர்'. உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறும் என்பது நன்னூல் விதி, கபிலபரணர் மாதிரி. அந்தக் கணக்கில் அம்மையப்பர் இரண்டு பேர். மரியாதைப் பன்மைக் கணக்கில் ஒருவர். தமிழ் நம்மை முடிவு செய்யச் சொல்லி வற்புறுத்துவதில்லை. "அம்மையப்பரே உலகுக்கு அம்மையப்பர் என்றறிக" என்று திருக்களிற்றுப்படியார் என்ற சித்தாந்த நூல் தொடங்கும்போது அது ஒருவரா இருவரா? காளிதாசருக்கு அந்த வசதி இல்லை. பிதரௌ என்று வாய் திறந்தவுடன் இருவர் ஆகிவிடுகிறது. அதனால்தான் 'சேர்ந்தவர்கள்', 'சொல்லும் பொருளும்போல' என்று ஓடிவந்து ஒட்ட வேண்டியிருக்கிறது.

துவிவசனத்தை ஆடம்பரம் என்று 7ஆம் தேதி எழுதினேன், இப்போது அது கொஞ்சம் சுமையாகவும் தெரிகிறது.

ஜனவரி 13

திருவாதிரை. விடியப் புறம் கோயிலுக்குப் போய் வந்து இப்போதுதான் பிளேன்ரீயோடு உட்காருகிறேன். கோட்டை வாசலைத் தாண்டி ஏறும்போது மான் கூட்டம் வழக்கம்போல வழியை மறித்து நின்றது.

தம்பலகாமத்து வாசகர் குறும்பாகக் கேட்டிருக்கிறார்: "கோணேசரே இரண்டு பேர், மலையில் ஒருவர், எங்கள் ஊரில் ஆதி கோணநாயகர் ஒருவர். இது துவைதமா அத்துவிதமா?" போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்த பிறகு தம்பலகாமத்தில் கோயில் எழுந்தது, 1950இல் மண்ணிலிருந்து பழைய படிமங்கள் வெளிவந்தன, 1963இல் மலையில் மறுபடி குடமுழுக்கு. ஆகவே இது பறங்கி செய்த பேதம், மத்துவரின் ஐந்தில் சேராது.

உப்புவெளித் தம்பி விடுவதாக இல்லை. சிவபுராணத்தில் "ஏகன் அநேகன்" என்று வருகிறதே, அநேகம் என்றால் 'ஒன்றல்ல', அதற்குப் பல என்று பொருள் கொள்கிறோம். 'இரண்டல்ல' என்பதற்கு மட்டும் ஏன் ஒன்று என்று பொருள் கொள்ள வேண்டும், மூன்று என்று கொண்டால் என்ன? பதி, பசு, பாசம், கணக்கும் சரியாக வருமே என்கிறார்.

தம்பி, இதை நிலாவெளிப் பேச்சாளரிடம் நேரே கேளும். தைப்பூசத்துக்கும் அவர்தான் பேசுகிறாராம். நான் அந்த முணுமுணுத்த பெரியவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.